நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பிளம்பர் அண்ணனைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு நிமிஷப் படம். அதில் நானும் வருகிறேன். இரண்டே விநாடி, மாடிப்படியில் இறங்குகிறேன். அந்த இரண்டு விநாடிக்காக என்னை ஒன்பது தடவை ஏறி இறங்க வைத்தார்கள். கையில் தைத்து முடித்த பள்ளிச் சீருடை மூட்டை வேறு. ஆறாவது தடவை முட்டி விட்டுப்போய், "நான் படி இறங்கறதுல அப்படி என்னப்பா கொறை?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, கேமராவைப் பாத்து முறைக்கறீங்க" என்றார்கள். முறைக்காமல் கொஞ்சவா முடியும்?

என் கதை கிடக்கட்டும். அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணனுக்கு ஐம்பத்துநாலு வயது. முப்பது வருஷமாகக் குழாய் வேலை. மனிதர்களின் முகம் அவருக்கு நிற்காது, அவர்கள் வீட்டுப் பைப்புதான் நிற்கும். தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசிப்பார். "முக்கால் இஞ்சு லைன், சிங்க்குக்கு அடியில ரெண்டு வளைவு, சரிதானே?" என்பார். சரியாகத்தான் இருக்கும். சுவரில் காதை வைத்து, எந்த இடத்தில் கசிகிறது என்று விரல் நுனியால் தொட்டுக் காட்டுவார். யார் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் பை கூடப் போகும். எல்லோரும் சாப்பிடும்போது இவர் கை கழுவும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேட்பாரற்று ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பார். அக்கா தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வருவார்.

அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. இந்த அக்காவின் சமையலறைக் குழாய் மூன்று வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆமாம், பிளம்பர் வீட்டுக் குழாய்தான். சிரிக்காதீர்கள், நான் சிரித்து முடித்துவிட்டேன். "என்னங்க, இந்தக் குழாய்" என்று அக்கா ஆரம்பிப்பார். "நாளைக்குப் பாத்துடறேன்" என்று அண்ணன் முடிப்பார். அந்த நாளை ஆயிரம் தடவை வந்து போயிருக்கும். அடியில் ஒரு நீல வாளி. அது நிரம்பியதும் அக்கா எடுத்துச் செடிக்கு ஊற்றுவார். செடி மட்டும் சதை போட்டது.

பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை என்று ஒன்று இருக்கிறது. அந்தத் துறையில் மாணவர்களும் வாத்தியார்களும் சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த ஊரில் யாராவது ஒருத்தரைப் பிடித்துப் படம் எடுப்பார்கள். இந்த வருஷம் தண்ணீரைப் பற்றி எடுப்பதாக முடிவாகி, ஊரிலுள்ள பிளம்பர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார்கள். போனை எடுத்த ஒரே பிளம்பர் நம்ம அண்ணன். அப்படித்தான் அவர் கதாநாயகன் ஆனார். படத்தில் இதை வேறு மாதிரி, நிறைய பெரிய வார்த்தைகள் போட்டுச் சொல்கிறார்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். பேராசிரியர், எதைப் பார்த்தாலும் இரண்டு கைவிரல்களால் சட்டம் கட்டி அதற்குள்ளே பார்ப்பவர். கேமரா பிடிக்க ஒரு மாணவன், எங்கள் நிலைப்படியில் நாலு தடவை தலையை இடித்துக்கொண்ட உயரம், அதனால் நெட்டை. ஒலி பதிய ஒரு மாணவி, அவளாக ஹெட்போனைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அண்ணன் அவளுக்குக் 'காது' என்று பேர் வைத்துவிட்டார். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

படக்காரர்கள் வரப்போகிறார்கள் என்றதும் அக்காவுக்கு உண்டான சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன். படத்தில் முகம் காட்டும் ஆசையெல்லாம் இல்லை. "ஊரே பாக்கப் போவுது. இப்பவாவது வெக்கப்பட்டுக் குழாயச் சரி பண்ணித்தான ஆவணும்?" என்று என் காதோடு சொன்னார். வாளியைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைக்க இடம் பார்த்துவிட்டார்.

முதல் நாள் சமையலறை மேஜையில் அண்ணனை உட்கார வைத்தார்கள். "நாங்க இல்லாத மாதிரி இருங்க" என்றார் பேராசிரியர். மூக்குக்கு முன்னால் மைக், முகத்தில் விளக்கு, ஜன்னலை அடைத்துக்கொண்டு நெட்டை. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இல்லாத மாதிரி இருந்தார். "ஒங்க தொழிலப் பத்திச் சொல்லுங்க" என்றதும் வாயைத் திறந்தார். அதற்குள் காது கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சத்தம் வருது. சொட்டு சொட்டா."

எல்லோரும் குழாயைப் பார்த்தோம். அக்கா குழாயைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை" என்று அண்ணன் எழுந்தார். வால்வை மூடினார், ஸ்பேனரைப் போட்டார், தேய்ந்துபோன வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பையில் புது வாஷர் தயாராக இருந்தது. அக்கா ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷம், இன்னும் ஒரே ஒரு நிமிஷம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் பேராசிரியர்.

அவர் காதின் ஹெட்போனை வாங்கி, பதிவான சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் திறந்தபோது லேசாக ஈரம்.

"ஊருக்கெல்லாம் குழாய் சரி பண்றவர் வீட்ல ஒழுகுது. இதுதாங்க படம். இந்தச் சொட்டுதான் படத்தோட உயிர். தயவு செஞ்சு பழையபடியே மாட்டிடுங்க."

அண்ணன் அக்காவைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். கேமராவில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய வாஷரைத் திரும்ப உள்ளே போட்டு முடுக்கினார். அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. விழுந்ததா, போட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அந்தக் குழாய்க்குக் கிடைத்த மரியாதை எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. படம் எடுத்து முடியும் வரை ஒரே வேகத்தில் சொட்ட வேண்டுமாம். ஒரு நாள் எடுத்ததையும் இன்னொரு நாள் எடுத்ததையும் ஒட்டும்போது வித்தியாசம் தெரியக் கூடாதாம். காது கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினாள். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. அதை ஒரு தாளில் எழுதிக் குழாய்க்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாள்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினால் நாற்பத்தெட்டு ஆகும். யாராவது கைதவறி இறுக்கி மூடினால் முப்பதுக்கு இறங்கும். உடனே அண்ணனுக்கு ஆள் போகும், வந்து சரியாக ஒழுக விட்டுவிட்டுப் போங்கள் என்று. முதலில் அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. "முப்பது வருஷமா ஒழுகறத நிறுத்தக் கத்துக்கிட்டவன்யா நான். என்னப் போயி ஒழுக விடச் சொல்றீங்களே" என்று புலம்பினார். ஒரு வாரத்தில் அந்தப் புலம்பல் போன இடம் தெரியவில்லை. இமைமயிர் அளவு திருகி, காதைச் சாய்த்து, "நாப்பத்தொண்ணு... இருங்க... இந்தா, நாப்பத்திரண்டு!" என்பார். நெட்டை கைதட்டுவான். அண்ணனுக்குத் தலைகால் புரியாது.

அக்கா வாளியை மாற்றிக்கொண்டே இருந்தார். நீல வாளிதான் வேண்டும், முதல் நாள் அதுதான் இருந்தது என்று அதையும் மாற்ற விடவில்லை.

அண்ணனின் போக்கே மாறிவிட்டது. என் தையல் மெஷின் சத்தம் கீழே கேட்கிறது என்று ஒரு மத்தியானம் அவரே மாடியேறி வந்தார். "கொஞ்சம் நிறுத்தும்மா, ரோலிங் போய்க்கிட்டு இருக்கு" என்றார். அறுபது சீருடை பாக்கி எனக்கு. "ரோலிங்கா? நீங்க உருளுங்க, நான் தைக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மூன்றாவது தெருவில் இருக்கிறார். அவர் வீட்டுக் குளியலறையில் பைப் பிய்த்துக்கொண்டது. அண்ணன் பையோடு ஓடினார், பின்னாலேயே படக்காரர்கள். கதவைத் திறந்தவர் முழுக்க நனைந்து நின்றார். அண்ணன் உள்ளே நுழைந்ததும், "சார், ஒரு செகண்டு. நீங்க நுழையறப்ப வெளிச்சம் பின்னாடி விழுது. வெளிய போயிட்டு மறுபடியும் வாங்க" என்றார் பேராசிரியர். அண்ணன் வெளியே போனார். மேனேஜர் குளியலறைக்கு ஓடி, பைப்பின் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, "யாராவது உள்ள வாங்கய்யா!" என்று கத்தினார். அண்ணன் வாசலில் நின்றபடி, "கொஞ்சம் பொறுங்க சார், லென்ஸ் மாத்தறாங்க" என்று ஆறுதல் சொன்னார். மூன்றாவது தடவை அவர் நுழைந்தபோது செருப்பு மிதந்து எதிரே வந்தது. பேராசிரியருக்கு அந்தச் செருப்பு ரொம்பப் பிடித்துப்போய், அதை இன்னொரு தடவை மிதக்க விடச் சொன்னார். மேனேஜர் சொன்ன வார்த்தைகளைப் படத்தில் வெட்டிவிட்டார்கள்.

வீட்டில் எடுத்ததும் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணன் குழாயைக் கழற்றுவது போல, வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவது போல, மறுபடி மாட்டுவது போல. கை மட்டும், கையும் முகமும், முகம் மட்டும். பதினோரு தடவை கழற்றி, பதினோரு தடவை அதே பழைய வாஷரை மாட்டினார். அக்கா பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், வெளிச்சம் பத்தவில்லை என்று.

நாலு மாதம் ஆனது. படம் எடுத்து முடிந்தது என்றார்கள். அக்காவின் முகம் மலர்ந்தது. "இனி ஒட்டற வேலை இருக்குங்க. நடுவுல எதாவது விட்டுப்போச்சுன்னா வந்து எடுப்போம். அதுவரைக்கும் குழாயைத் தொடாதீங்க" என்றார் பேராசிரியர்.

"எப்ப சார் முடியும்?"

"உண்மைய அவசரப்படுத்த முடியாதும்மா."

அக்கா வாளியை மாற்றப் போனார். அண்ணன் பெரிதாகத் தலையாட்டினார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம், பாத்திரம் திருப்பித் தரக் கீழே போனேன். அண்ணன் வெலவெலத்துப்போய்க் குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய் சொட்டவில்லை.

"படம் போச்சும்மா!" என்றார் என்னிடம். "நாளைக்குக் காலைல ஏதோ ஒரு ஷாட் எடுக்க வர்றாங்க. இது நின்னுபோச்சு!"

அவசரமாகக் கழற்றினார். உள்ளே பளபளவென்று புது வாஷர். "அட, நானே ஞாபகமறதியில புதுசப் போட்டுட்டேன் போலருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டில் இன்னொரு ஜோடிக் கையும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பழைய வாஷரைக் கருவேப்பிலை போல ஒதுக்கி எறிந்துவிட்டோமோ என்று குப்பைக்கூடையைக் கிளறினார். கிடைத்தது. துடைத்தார், மாட்டினார், காதைச் சாய்த்தார். நாற்பத்திரண்டு. "அப்பாடா!" என்றார்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பிறகு வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நீல வாளியை எடுத்துக் குழாய்க்கு அடியில் வைத்தார். அன்றிலிருந்து அவர் அண்ணனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அதைக் கவனிக்கவும் இல்லை. படத்துக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல்கலைக்கழக அரங்கில் படம் போட்டார்கள். முந்நூறு பேர் இருக்கும். அண்ணன் தன் வாடிக்கையாளர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார். மேனேஜர்கூட வந்திருந்தார், காலைத் தரையில் வைக்காமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் நான், அக்கா, அண்ணன். அண்ணன் புதுச் சட்டை, மடியில் கருவிப் பை.

சொல்லக்கூடாது, படம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் சுவரில் காது வைத்துக் கேட்பதைப் பெரிய திரையில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. செருப்பு மிதந்து வந்தபோது அரங்கமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார்.

இருபதாவது நிமிஷத்தில் திரை இருட்டானது. கரண்ட் போய்விட்டது என்று அண்ணன் பையோடு எழுந்தார், நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இருட்டில் சத்தம் மட்டும் வந்தது. சொட்டு, சொட்டு, சொட்டு.

"அக்கா, ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. சும்மா இருக்கறப்ப இந்த ரூம் எப்படிக் கேக்குதுன்னு பதியணும். எல்லாப் படத்துக்கும் பண்றதுதான்." காதின் குரல். அவள் மட்டும் தனியாக வந்து பதிந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் சொட்டு மட்டும். பிறகு அக்காவின் குரல்.

"ஒரு நிமிஷம் சும்மா இருக்கணுமாம்மா? நான் மூணு வருஷமா சும்மா இருக்கேன். எங்கப்பா வீட்டுக்கு இவரு குழாய் வேலைக்குத்தான் மொத மொதல்ல வந்தாரு. ஒரு நாள் வேலை. மூணு நாள் செஞ்சாரு. என்னப் பாக்கத்தான் இழுத்தடிக்கறாருன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒரே சந்தோஷம். இப்ப இதையும் மூணு வருஷமா இழுத்தடிக்கறாரு. இது யாரப் பாக்கன்னுதான் தெரியல."

அரங்கில் முதலில் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஊர்ல யாரு கூப்ட்டாலும் ஓடறாரு. நல்ல மனுஷன்தான். நானும் ஊர்லதானம்மா இருக்கேன்?"

வால்வு கிறீச்சென்று மூடும் சத்தம். ஸ்பேனர் சத்தம். "பதினோரு தடவ டார்ச் புடிச்சிருக்கேன், இது தெரியாதா" என்று முனகல். கடைசியாக ஒரு முடுக்கு. சொட்டு நின்றது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. இருட்டில் முந்நூறு பேரும் மூச்சு விடாமல் அந்த அமைதியைக் கேட்டோம்.

திரையில் வெளிச்சம் வந்தது. மறுநாள் காலை எடுத்த காட்சி. குழாய் பழையபடி ஒழுகுகிறது. பக்கத்தில் அண்ணன், காது வரை இளித்துக்கொண்டு, "நல்லவேள, நான் பாத்தேன். பழையபடி ஒழுக வெச்சிட்டேன்ல!" என்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அக்காதான் மெதுவாக என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு போடட்டுமான்னு கேட்டுச்சு. போடுன்னுட்டேன். வீட்ல சொன்னா அவருக்கு விழாது, இங்கயாவது உக்காந்து கேக்கட்டும்."

படம் முடிந்ததும் கேள்வி நேரம். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "ஐயாவக் கேக்கறேன். ரெண்டு நிமிஷ வேலைன்னு நீங்களே சொல்றீங்க. ஏன் செய்யல?"

அண்ணன் எழுந்தார். கையில் மைக்கைத் திணித்தார்கள். பையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கடைசியில் கேள்வி கேட்ட அம்மாவை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னார்.

"தப்புதாம்மா."

பேராசிரியர் மேடையில் துள்ளி எழுந்தார். "அபாரம்! டேய், எடுத்தியா?" நெட்டை பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். "சார், மன்னிச்சுக்கங்க. அதே மாதிரி இன்னொரு தடவ சொல்ல முடியுமா? மைக்கைக் கொஞ்சம் கீழ புடிச்சுக்கிட்டு."

அந்த ஆளை எழுந்து அறையலாமா என்று எனக்கு வந்தது. அக்கா முந்திக்கொண்டார். "சொல்லுங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

அண்ணன் மைக்கைக் கீழே இறக்கினார். "தப்பு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. நாலு மாதமாக ஒரே பெருமூச்சைப் பதினோரு தடவை விட்ட மனுஷனால் அந்த ஒரு வார்த்தையை முடிக்க முடியவில்லை. அக்கா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார். "வாங்க, போலாம்" என்றார்.

வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணன் புதுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் வால்வை மூடினார். அக்கா வழக்கம்போல டார்ச்சை எடுத்தார். "வேணாம், நீ உக்காரு" என்றார் அண்ணன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புது வாஷர், ஒரு முடுக்கு, முடிந்தது. குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த தாளையும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா குழாயைத் திறந்தார், மூடினார், விரலை அடியில் வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, குழாய்க்கெல்லாம் அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"சரி" என்றார் அக்கா. "அப்படியே பாத்ரூம்ல இருக்கறதையும் பாத்துடுங்க."

அண்ணன் விழித்தார். "பாத்ரூம்லயும் ஒழுகுதா? எப்பருந்து?"

"போன வருஷத்துலருந்து."

"நீ சொல்லவே இல்லயே?"

"சொல்லல" என்றார் அக்கா. "அதையும் நாளைக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டுச் சொல்லல."

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்த வேலையும் இரண்டு நிமிஷ வேலைதான்.